நாற்பதைக் கடந்தபின் நீச்சல்: எடை குறைக்க விரும்புவோருக்கு ஒரு பாடம்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் கல்லணையைக் கடந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிந்து, கடைமடையான முத்துப்பேட்டைப் பகுதியை வந்தடையச் சில வாரங்கள் ஆகின்றன. அது வந்து சேரும் நாள்களில் எங்கள் பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது: "டாக்டர், வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு. நீச்சல் அடிச்சா எடை குறையுமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினர். பல ஆண்டுகள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், கடையில் காலை முதல் இரவு வரை அமர்ந்திருப்பவர்கள், பிள்ளைகளைத் திருமணம் செய்து கொடுத்தபின் தம் உடலைத் திரும்பிப் பார்க்கும் தாய்மார்கள் எனப் பலரும் இவர்களுள் உண்டு. ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் வளர்ந்தும் இவர்களில் கணிசமானோர்க்கு நீந்தத் தெரியாது என்பது எங்களுக்கு முதலில் வியப்பாக இருந்தது. வியப்பதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. இதை எழுதும் நாங்களே 43 வயது வரை நீந்தத் தெரியாதவர்களாகத்தான் இருந்தோம்.

கேள்விக்கு நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறோம். நீச்சல் மட்டும் எடையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆயினும் எடை மிகுந்தவர்களுக்கு, குறிப்பாக முழங்கால் வலியுள்ளவர்களுக்கு, அதைவிடப் பொருத்தமான உடற்பயிற்சி அரிது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். தோன்றுவது ஏன், அது முரணல்ல என்பது எப்படி என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

முதலில் எடை. நம் நாட்டவர்க்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினால் மிகை எடை என்றும், 25ஐத் தொட்டால் உடற்பருமன் என்றும் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்துள்ளனர். மேலை நாடுகளில் இவ்வெல்லைகள் 25, 30. எடைப்பொறியைவிடத் தையற்காரரின் அளவு நாடா எங்களுக்கு மேலும் உதவுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய பெரும் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவும், 15.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும், 39.5 விழுக்காட்டினர்க்கு வயிற்றுப் பருமனும் உள்ளன. உடற்பருமனைக் காட்டிலும் வயிற்றுப் பருமனே மிகுதி என்பதைக் கவனியுங்கள். கை கால் மெலிந்து, தொந்தி மட்டும் முன்னே வருபவரை நம் ஊரில் 'ஒல்லியான ஆள்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று. எடை குறையவில்லை என்ற ஒரே காரணத்தால் உடற்பயிற்சியைக் கைவிடுபவர்கள் எங்களிடம் ஏராளம். மூன்று மாதம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை, எனவே நிறுத்திவிட்டேன் என்பார்கள். அவர்களுக்கு நாங்கள் சென்னையில் நடந்த ஓர் ஆய்வை எடுத்துரைப்பது வழக்கம். மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டு பின்தொடர்ந்தது. முடிவு 2006இல் வெளியாயிற்று. வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் அந்த மூன்றாண்டுக்குள் நீரிழிவு நோயாளிகள் ஆயினர். உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களிடையே அது 39.3 விழுக்காடாக இருந்தது. மெட்பார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடையே 40.5. ஆக, நடையும் அளவான உணவும் மாத்திரைக்கு ஈடாக நின்றன.

இதில் நாங்கள் பெரிதும் மதிப்பது வேறொரு செய்தி. பழக்கங்களைத் திருத்திக்கொண்ட அந்தப் பிரிவினரின் சராசரி எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. எடைப்பொறியின் முள் நின்ற இடத்திலேயே நின்றது. நோய் விலகிப் போயிற்று. தசைகள் இயங்கும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் உள்ளிழுத்துக்கொள்கின்றன. கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் உள்ள கொழுப்பு மெல்லக் கரைகிறது. இவை எடைப்பொறியில் தெரியாதவை. எடையும் குறைந்தால் இன்னும் நல்லதே. உடல் எடையில் ஐந்து விழுக்காடு, அதாவது 86 கிலோ இருப்பவர் நான்கு கிலோவைச் சற்று மிஞ்சிக் குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்குவதை அன்றாடம் காண்கிறோம். ஆனால் அந்தக் குறைப்பின் பெரும்பகுதி தட்டிலிருந்து வர வேண்டும், குளத்திலிருந்து அன்று.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நிதானமாக இடைவிடாமல் நீந்தினால் ஏறத்தாழ 200 கலோரி செலவாகும். கரையேறியதும் தேநீர்க் கடையில் சர்க்கரை போட்ட ஒரு தேநீரும் இரண்டு வடையும் அதைச் சமன் செய்துவிடும். மேலும் குளிர்ந்த நீரில் செய்யும் பயிற்சி பசியை மிகுவிக்கும் இயல்புடையது. நடந்துவிட்டு வருபவரைவிட நீந்திவிட்டு வருபவர் அகோரப் பசியோடு வருவதை வீட்டுப் பெண்கள் நன்கறிவார்கள். அன்றியும், கற்கத் தொடங்கியவர் அரை மணி நேரம் இடைவிடாமல் நீந்துவதில்லை. அரை மணியில் ஐந்து நிமிடம் நீந்துவார். எஞ்சிய நேரம் படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். அதுவும் தேவையே. ஆயினும் அதற்குக் கூலியாக இரண்டு பரோட்டா கேட்பது முறையன்று. நூறு கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி தருகிறது. பகலில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு கைப்பிடி அரிசியைக் குறைத்து, அவ்விடத்தில் கீரையும் காயும், வறுக்காத மடவை மீன் குழம்போ, பயறோ, முட்டையோ சேர்ப்பவர் குளத்தில் இறங்காமலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறார். நெல் விளையும் மண்ணில் சோற்றைக் குறையுங்கள் என்று சொல்வது எளிதன்று என்பதை அறிவோம். சோற்றை விடச் சொல்லவில்லை. இரண்டாம் முறை பரிமாறுவதை விடச் சொல்கிறோம்.

அப்படியானால் நீச்சல் எதற்கு? நீரில் உடலின் சுமை குறைகிறது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவர் எடையில் ஏறத்தாழப் பாதியைத்தான் தாங்குகின்றன. மார்பளவு நீரில் அது மூன்றில் ஒரு பங்காகிறது. கழுத்தளவு நீரில் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்குகிறது. நூறு கிலோ எடையுள்ள ஒருவர், தெருவில் இருநூறு அடி நடந்தாலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர், மார்பளவு நீரில் இருபது நிமிடம் நடக்க முடிகிறது. அதே வேளையில் நீரின் அடர்த்தி காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு. ஒவ்வோர் அடியிலும் நீர் எதிர்த்துத் தள்ளுவதால் தசைகள் உழைக்கின்றன. மூட்டுக்கு ஓய்வு, தசைக்கு வேலை. இந்தச் சேர்க்கை நிலத்தில் கிடைப்பதில்லை. நீந்தவே தெரியாவிட்டாலும், அடித்தளம் உறுதியான இடத்தில் நீரில் நடப்பதே நல்ல மருந்து.

பருமனாக இருப்பவர்கள் தாம் கல்லைப் போல் மூழ்கிவிடுவோம் என்று அஞ்சுகிறார்கள். இயற்பியல் இதற்கு நேர் எதிரானது. கொழுப்பு நீரைவிட இலேசானது. தசையும் எலும்பும் நீரைவிடக் கனமானவை. ஆகவே பருத்த உடலே எளிதில் மிதக்கும். ஒல்லியான, தசை திரண்ட இளைஞனின் கால்கள்தாம் கீழே இழுக்கும். எங்கள் நோயாளிகளுள் ஓர் அம்மையார், 91 கிலோ, மல்லாந்து மிதக்க இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். கூடவே இறங்கிய அவருடைய ஒல்லியான மருமகளுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தம் எடையைக் குறித்துத் தாம் பெருமைப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று அவர் சொன்னபோது புறநோயாளிப் பிரிவே சிரித்தது.

தடையாக இருப்பது எடையன்று, மூச்சு. எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். எங்களுக்கு நீச்சல் கற்றுத் தந்தவர் மீன்பிடித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். முதல் ஐந்து நாளும் நாங்கள் கைகால்களை உதறி, ஒரு நிமிடத்தில் மூச்சிரைத்து, படியைப் பற்றிக்கொண்டோம். உடல்தகுதி இல்லை போலும் என்று முடிவு கட்டினோம். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "டாக்டர், நீங்க மூச்சை இழுக்கிறீங்களே தவிர, விடவே மாட்டேங்கிறீங்க" என்றார். நுரையீரலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் படித்தவர்களுக்கு அதை ஒரு படகோட்டி சொல்ல வேண்டியிருந்தது. அச்சத்தில் மனிதர் மூச்சை அடக்கிக்கொள்கிறார். இரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. மூச்சுத் திணறுவது போன்ற உணர்வைத் தருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவன்று, இந்த வாயுவின் மிகுதியே. தலையைத் தூக்கி மேலும் மேலும் இழுக்க முயல, ஏற்கெனவே நிரம்பிய நுரையீரலில் இடமில்லாமல் தவிப்பு கூடுகிறது. முகத்தை நீருக்குள் வைத்து மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக முழுவதும் வெளிவிட்டால், தலையைத் திருப்பியவுடன் காற்று தானே உள்ளே வரும்.

ஆகவே எங்கள் அறிவுரை இதுவே. முதல் வாரம் முழுவதும் படியில் அமர்ந்து குமிழி விடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாதீர்கள். பிறகு ஒருவர் முதுகைத் தாங்கிக்கொள்ள மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். காதுகள் நீருக்குள் இருக்க வேண்டும், வயிறு வானத்தை நோக்க வேண்டும். அடுத்து, மூழ்காமல் எழுந்து நிற்கப் பழகுங்கள். இதைப் பலரும் கற்பிப்பதில்லை. மிதப்பவர் நிலைகுலைவது எழும்போதுதான். காலடித்தலும் கைவீச்சும் அதன் பின்னரே. வாழைத்தண்டோ காற்றடைத்த டியூபோ பிடித்துக்கொண்டு காலடிப்பது நல்ல பயிற்சி. ஆனால் அவை கைநழுவினால் ஆழத்தில் தனித்து விடப்படுவீர்கள். மார்பளவைத் தாண்டிய நீரில் அவற்றை நம்பிச் செல்லலாகாது. நெடுந்தூரம் நீருக்கடியில் செல்வதற்காக வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு மூழ்கும் விளையாட்டை இளைஞர்கள் செய்கிறார்கள். கரியமில வாயு முன்கூட்டியே வெளியேறிவிடுவதால் திணறல் என்னும் எச்சரிக்கை வராமலேயே நினைவு தப்பும். அதைத் தடுத்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு சொல். சேலையோ துப்பட்டாவோ கால்களில் சுற்றிக்கொண்டு இழுக்கும். இறுக்கமான சுடிதார்க் கால்சட்டையும் முழுக்கை மேலாடையும் உடலை மறைக்கும், நீந்தவும் விடும். ஊருக்குள் பெண்கள் மட்டும் புழங்கும் படித்துறையில் விடியற்காலையில் நான்கைந்து பேராகச் சேர்ந்து கற்கத் தொடங்கியவர்கள் எங்கள் நோயாளிகளிடையே இருக்கிறார்கள். அந்தக் கூட்டம்தான் அவர்களைத் தொடர்ந்து வரச் செய்கிறது.

இங்கே பழக்கம் என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றொரு நம்பிக்கை உலவுகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் தன்னியல்பாக நிகழ நடுத்தரமாக 66 நாள் தேவைப்பட்டது. விரைவாகப் பழகியவருக்கு 18 நாள். தாமதமானவருக்கு 254 நாள் ஆகும் எனக் கணக்கிட்டார்கள். உடற்பயிற்சி போன்றவை, ஒரு குவளை நீர் பருகுவது போன்ற எளிய செயல்களைவிட நீண்ட காலம் எடுத்தன. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய இழப்பு ஒன்றும் நேரவில்லை. ஆகவே ஒரு நாள் விடுபட்டதும் எல்லாம் கெட்டது என்று விட்டுவிடுபவர் தாமே தம்மைத் தோற்கடித்துக்கொள்கிறார். புதிய பழக்கத்தை ஏற்கெனவே உள்ள ஒன்றோடு முடிச்சுப் போடுவது பயன் தரும். பஜ்ர் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழி, பிள்ளையைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்ட மறுநிமிடம், பால் ஊற்றிவிட்டு வரும் வழி என ஏதேனும் ஒன்று. 'நேரம் கிடைக்கும்போது' என்று சொன்னவர்களில் எவருக்கும் இதுவரை நேரம் கிடைத்ததாக எங்களுக்கு நினைவில்லை.

நம் பகுதிக்கு மட்டும் உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. பழக்கம் வேரூன்றும் வேளையில் நீரே போய்விடும். மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்படுகிறது. பிப்ரவரிக்குப் பின் வாய்க்கால்கள் வற்றி, குளங்கள் குட்டையாகி, பாசி படர்ந்துவிடும். மீண்டும் நீர் வர ஜூன் ஆகும். சில ஆண்டுகளில் அதுவும் உறுதியில்லை. நான்கைந்து மாதம் நீச்சல் கிடையாது. ஆண்டுதோறும் எங்கள் நோயாளிகள் சறுக்குவது இந்தக் காலத்தில்தான். தை முடியும்போதே அடுத்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். அதே நேரத்தில், அதே கூட்டாளிகளோடு, அதே வழியில் நடக்கத் தொடங்குங்கள். நீர் மட்டும் இல்லை, மற்றவை எல்லாம் அப்படியே இருக்கட்டும். வாரத்திற்கு 150 நிமிடம் விரைநடை என்பது உலக நலவாழ்வு அமைப்பு கூறும் குறைந்த அளவு. அதோடு வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சிகள் சேரட்டும். ரமலான் மாதத்தில் இஃப்தாருக்குப் பின் இரவு நடையாக மாற்றிக்கொள்ளலாம். குறுவை, சம்பா அறுவடை நாள்களில் வயலில் நிற்பவருக்குத் தனிப் பயிற்சியே வேண்டாம். வரப்பில் குடை பிடித்து நிற்பவரைச் சொல்லவில்லை.

இனி எங்கள் பிழை ஒன்றைப் பதிவு செய்கிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் 52 வயதான ஒரு மளிகை வணிகர் எங்களிடம் வந்தார். நீரிழிவு வந்து பதினோராண்டு. எடை 94 கிலோ, இரு முழங்காலிலும் வலி. "குளத்தில் இறங்கிப் பழகுங்கள், மூட்டுக்கு நல்லது" என்று சொல்லி அனுப்பினோம். அந்த அறிவுரையில் தவறில்லை. ஆனால் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதங்களைப் பார்க்கவில்லை. அன்று கூட்டம் மிகுதி என்பது காரணமாகாது. மூன்று வாரம் கழித்து வலது காலைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தார். படித்துறைச் சேற்றில் கிடந்த சிப்பி ஓடு இரண்டாம் விரலின் அடியைக் கீறியிருந்தது. உணர்விழந்த பாதம் என்பதால் அவருக்கு வலிக்கவில்லை. அதே காலோடு எட்டு நாள் நீரில் இறங்கியிருக்கிறார். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே, டாக்டர்" என்றார். எங்களைக் குறை சொல்லவில்லை. அது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. நாங்களே நீரில் இறங்கிக் கற்க வேண்டும் என்று முடிவு செய்ததற்கு அந்தக் கால்தான் காரணம். படித்துறையின் அடியில் என்ன கிடக்கிறது என்பதை அதுவரை நாங்கள் மிதித்துப் பார்த்ததில்லை.

ஆகவே நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாக ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள், பாதங்களைப் பரிசோதித்துக்கொள்ளாமல் நீரில் இறங்கக் கூடாது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். உணர்வு குறைந்திருந்தால் நீரிலும் கழலாத ரப்பர்க் காலணி அணிந்தே இறங்குங்கள். கரையேறியதும் விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் ஆறும்வரை நீர் வேண்டாம். அலையாத்திக் காட்டை அடுத்த காயல் பகுதியின் உவர்நீரில் இது மேலும் முக்கியம். அத்தகைய நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் சிறு கீறல் வழியாகப் புகுந்து, கல்லீரல் நோயோ நீரிழிவோ உள்ளவர்களிடம் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். காயலின் அடிச்சேறு காலைப் பற்றிக்கொள்ளும் என்பதால் அது நீச்சல் பழகும் இடமும் அன்று. வயலில் நீர் தேங்கும் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலையும் மறக்காதீர்கள். நீரில் இறங்கிச் சில நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், குளத்தில் இறங்கியதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்பவர்களும் நீருக்குள் சர்க்கரை தாழ்ந்தால் மயங்கிவிடக்கூடும். நிலத்தில் மயங்குபவர் விழுவார். நீரில் மயங்குபவர் மூழ்குவார். இறங்குமுன் சர்க்கரை 100க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ உண்டபின், சற்றுப் பொறுத்து இறங்குங்கள். கரையில் இருப்பவரிடம் குளுக்கோஸ் பொட்டலமும், உங்களுக்கு நீரிழிவு உள்ளது என்ற செய்தியும் இருக்கட்டும். கழுத்தளவு நீரில் நிற்கும்போது கால்களில் இருந்து ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் இரத்தம் மார்புக்கு நகர்கிறது. நலமான இதயம் அதைத் தாங்கும். வீங்கித் தளர்ந்த இதயம் தாங்காது. நீரில் இறங்கியதும் சிறுநீர் முட்டுவதும் இதே காரணத்தால்தான்; இதய நோய் இல்லாதவர்கள் அஞ்ச வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், அண்மையில் மாரடைப்பு, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், வலிப்பு நோய், செவிப்பறையில் ஓட்டை ஆகியவை உள்ளவர்கள் எங்களைப் பார்க்காமல் இறங்கவே கூடாது.

நீச்சல் தெரிந்தவர் மூழ்கமாட்டார் என்பதும் உண்மையன்று. உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஜூலை 25ஐ ஐக்கிய நாடுகள் அவை நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்திருக்கிறது. நம் வாய்க்கால்களில் புதுத்தண்ணீர் ஓடும் நாள்களோடு அது பொருந்தி வருகிறது. மதகுக்கும் தலைப்புக்கும் அருகே சுழல் உண்டு. மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. மது அருந்தியவர் நீருக்கு அருகிலேயே செல்லலாகாது.

மூழ்குபவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் மூழ்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். நாம் பின்பற்ற வேண்டிய எடுத்துக்காட்டு பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் கோட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, கரையில் துணி துவைத்த மூன்று பெண்கள் தாம் உடுத்திருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை மீட்டார்கள். தமிழ்நாடு அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. சேலை, வேட்டி, தென்னை மட்டை, காலிக் குடம், கயிறு என எதையேனும் எறியுங்கள், கூவி ஆள் சேருங்கள், கையைக் கொடுக்காதீர்கள்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கின்றன. இரண்டும் கேடு. வயிற்றிலிருந்து வரும் உணவு நுரையீரலுக்குள் சென்று அடைக்கும். விலைமதிப்பற்ற நிமிடங்களும் வீணாகும். மூச்சு இல்லையெனில் மல்லாத்திப் படுக்க வைத்து, நெற்றியைப் பின்னுக்குத் தள்ளி, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். மாரடைப்பில் நெஞ்சை அழுத்துவது முதல் வேலை. மூழ்கியவருக்குக் காற்றே முதல் மருந்து. பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கில் 108 வண்டி வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

நம் கரைக்கு அருகே பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர்கள் உண்டு. 1954இல் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்தார். 1971இல் ஆழிக்குமரன் என அழைக்கப்பெற்ற குமார் ஆனந்தன் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தி வந்து, திரும்பியும் நீந்திச் சென்றார். ஒரு பகலையும் ஓர் இரவையும் கடந்து நீண்ட அந்த நீச்சல்களை வேகத்தால் முடிக்க இயலாது. மூச்சும் கைவீச்சும் ஒரே சீராக அமைந்தால்தான் இயலும். எங்கள் ஆசிரியரான அந்தப் பெரியவர், நாங்கள் அவசரப்படும்போதெல்லாம் கோடியக்கரைப் பக்கம் கையைக் காட்டுவார்.

எங்கள் மளிகை வணிகர் இப்போது 85 கிலோ இருக்கிறார். ரப்பர்க் காலணியோடு வாரம் நான்கு நாள் மார்பளவு நீரில் நடக்கிறார். நீச்சல் இன்னும் முழுமையாக வரவில்லை. படித்துறையில் புதிதாக இறங்குபவர்களிடம் சர்க்கரை உண்டா என்று கேட்டு, உண்டென்றால் திருப்பி அனுப்பிவிடுகிறார் என்று கேள்விப்பட்டோம். அவ்வாறு அனுப்பப்பட்டு இந்த ஆண்டு ஏழு பேர் வந்தார்கள். பாதப் பரிசோதனை புறநோயாளிப் பிரிவின் மூன்றாம் அறையில் நடைபெறுகிறது. வரும்போது மாத்திரைச் சீட்டையும், நீரில் இறங்கும்போது அணியும் காலணியையும் எடுத்து வாருங்கள்.